அரிச்சல்முனையிலிருந்து ஷில்லாங் வரை: அறப்பணிக் கார்ப் பயணத்தில் சேரலாமா?

உச்சிப்புளியான்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா மகனும் ஊர் நண்பர் ஒருவருமாக மூவர், வரும் ஜனவரியில் நடக்கவிருக்கும் ஒரு நெடுந்தொலைவுக் கார்ப் பயணத்தில் சேரலாமா என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் புறப்பட்டு, சென்னை, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம், கொல்கத்தா, சிலிகுரி, குவாஹாத்தி வழியாக ஷில்லாங்கில் முடியும் பயணம் அது. ஏறக்குறைய 3,350 கிலோமீட்டர் வருகிறது. இதில் முதலிடமும் கிடையாது, கோப்பையும் கிடையாது. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பழைய வண்டியைத்தான் கொண்டுவர வேண்டும், பின்னால் பழுதுபார்க்கும் வண்டி எதுவும் வராது, ஒவ்வொரு வண்டிக்காரரும் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் திரட்டித் தமக்குப் பிடித்த அறப்பணி ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். நுழைவுக் கட்டணம் தனியாக 40,000 ரூபாய்.

வண்டியைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன் என் தாயார் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "ஊர் சுற்ற ஆசையிருந்தால் சுற்றிவிட்டு வா. அதற்கு எதற்குத் தர்மத்தின் பெயர்?" என்று கேட்டார்கள். இப்படிப்பட்ட பயணத்தில் போய்வந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கீழக்கரைவாசி

தம்பி, நான் போய்வந்திருக்கிறேன். 2018ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வேலையிலிருந்தபோது, உடன் பணியாற்றிய இருவரோடு மங்கோல் ராலி என்ற நெடுந்தொலைவுக் கார்ப் பயணத்தில் சென்றேன். அது 2004இல் வெறும் ஆறு வண்டிகளோடு தொடங்கிய பயணம். நீங்கள் எழுதியிருக்கும் நிபந்தனைகளெல்லாம் ஏறத்தாழ அதிலிருந்து வந்தவைதாம்: சிறிய எஞ்சின், உதவி வண்டி இல்லாமை. அதில் வகுத்துத் தந்த பாதை என்று ஒன்றும் கிடையாது. அப்போது ஒவ்வொரு குழுவும் குறைந்தது 1,000 பவுன் திரட்ட வேண்டியிருந்தது. அதில் 500 பவுன் மழைக்காடுகளைக் காக்கும் கூல் எர்த் என்ற அமைப்புக்குப் போனது, மீதி நாங்கள் விரும்பிய பணிக்கு. முதலில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் முடிந்துகொண்டிருந்த பயணம், நான் போனபோது ரஷ்யாவின் உலான் உதே நகரத்துக்கு மாறியிருந்தது. இதே அமைப்பாளர்கள்தாம் 2006 முதல் நம் நாட்டில் ஆட்டோவில் செல்லும் ரிக்ஷா ரன் பயணத்தையும் நடத்துகிறார்கள். கொச்சியில் புறப்பட்ட வெள்ளைக்காரர்களை நெடுஞ்சாலையில் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கக்கூடும்.

நாங்கள் ஐரோப்பாவைக் கடந்து, துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான் வழியாக அலாத் துறைமுகத்தை அடைந்தோம். காஸ்பியன் கடலைக் கடக்கும் கப்பலுக்கு அங்கே கால அட்டவணை என்று எதுவும் கிடையாது. சரக்கு நிறைந்தால் புறப்படும், காற்று அடித்தால் நிற்கும். வாடைக்காற்று ஓயும்வரை வலையைப் பின்னிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தெரியவில்லை. உடன் வந்த இருவரும் மூன்றாம் நாள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உஸ்பெகிஸ்தானில் அப்போது பெட்ரோல் கிடைப்பதே அரிதாக இருந்தது. அங்கே பெரும்பாலான வண்டிகள் எரிவாயுவில் ஓடின, கிடைத்த பெட்ரோலும் தரம் குறைந்ததாக இருந்தது. தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் 4,655 மீட்டர் உயரத்திலுள்ள அக்பைதால் கணவாயில் எங்கள் வண்டியை இருவர் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஆயிரம் மீட்டர் ஏற ஏற எஞ்சினின் திறனில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷில்லாங் ஏறத்தாழ 1,500 மீட்டர்தான் என்பதால் உங்களுக்கு அவ்வளவு துன்பம் இராது.

உங்கள் தாயாரின் கேள்விக்கு என் விடை இது. பயணச் செலவு முழுவதும் எங்கள் சம்பளத்திலிருந்து போனது, திரட்டிய பணத்தில் ஒரு பவுனைக்கூட நாங்கள் தொடவில்லை, இதை நன்கொடை தந்தவர்களுக்கு அனுப்பிய முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தோம். இந்த இரண்டு கணக்கும் கலந்தால் அம்மா சொன்னதுதான் சரி.

வாடைக்காற்று

கீழக்கரைவாசி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நாம் உணர்ச்சிவசப்படுகிறோம் என்று தோன்றுகிறது. நுழைவுக் கட்டணம் 40,000. பெட்ரோல், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும், போக வர 45,000க்குக் குறையாது. மூன்று பேருக்குப் பதினெட்டு நாள் தங்கலும் சாப்பாடும் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 60,000. வண்டி வாங்க 60,000, அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர 30,000. ஆக 2,35,000 ரூபாயைச் செலவிட்டு ஒரு லட்சம் ரூபாயை அறத்துக்குக் கொடுக்கிறோம். இந்த 2,35,000 ரூபாயை நேராகக் கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் பயன் கிடைக்குமே. கட்டணம் 40,000 யாருக்குப் போகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறப்பணி என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுவிட்டு, தமது லாபத்தை மட்டும் மங்கிய எழுத்தில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரைவாசி

கணக்கு சரிதான். ஆனால் அந்த 2,35,000 ரூபாயை உச்சிப்புளித் தம்பி பயணம் போகாவிட்டால் தர்மத்துக்குத் தருவார் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். தரமாட்டார். வீட்டுக்குத் தளம் போடுவார். அது தவறும் அல்ல. பயணத்துக்கு ஒதுக்கும் பணம் பயணத்துக்கு உரியது. பயணம் நடப்பதால் மட்டுமே பிறரிடமிருந்து வரும் ஒரு லட்சத்தைத்தான் அறத்தின் கணக்கில் எழுத வேண்டும். கட்டணம் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு அமைப்பாளர்கள் எழுத்தில் விடை தர வேண்டும்.

பட்டறைக்காரன்

இராமநாதபுரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தர்மத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

மாருதி 800 வாங்குங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 முதல் 2014 தொடக்கம் வரை விற்ற வண்டி என்பதால் ஒடிசாவின் ஏதோவொரு கூட்டுரோட்டில் நின்றுபோனாலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் கிடைப்பார். உங்கள் அமைப்பாளர்கள் வேறு பழைய வண்டிகளையும் அனுமதிக்கலாம். பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முடிந்தால் கார்பரேட்டர் உள்ள பழைய மாடலைத் தவிர்த்து, 2000க்குப் பின் வந்த, கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியாகப் பாருங்கள். ஆனாலும் இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களை அது மெல்லத் தின்றுவிடும், டேங்கில் தண்ணீரையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே புறப்படுவதற்கு முன் எரிபொருள் ஹோஸ் முழுவதையும் புதிதாக மாற்றி, ஃபில்டர் நான்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட்டைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று, ஆக்சிலரேட்டர் கேபிள் ஒன்று, ஃபேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் மேலும் கீழுமாக இரண்டு, ஸ்டெப்னி இரண்டு. இதற்கு மேல் பாகங்களைச் சுமக்காதீர்கள். சுமை ஏறினால் அந்தச் சின்ன வண்டியின் ஷாக் அப்சார்பர்தான் முதலில் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வண்டியை நம் கடற்கரையில் வாங்காதீர்கள். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்டுகள் நின்ற வண்டியைவிட மதுரையில் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டி மேல். வெளியே பெயிண்ட் பளபளக்கும், பாட்டம் அப்பளமாக இருக்கும். 800க்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது, தகடே அதன் எலும்பு. மிதியடியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முன் ஷாக் பூட்டியிருக்கும் இடத்தையும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். அரிச்சல்முனையில் கொடியசைத்துப் படம் எடுத்து முடித்ததும், இராமநாதபுரம் வந்து நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டுத்தான் சென்னைச் சாலையைப் பிடிக்க வேண்டும்.

தொண்டித்தோணி

ஒரு யோசனை. இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் பிளிமத்–பாஞ்சுல் பயணத்தில், 2003இல் தொடங்கியது என்று நினைவு, மிக மலிவான வண்டிகளை ஓட்டிச் சென்று காம்பியாவில் ஏலம் விட்டு, அந்தப் பணத்தை அங்குள்ள அறப்பணிகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நீங்களும் ஷில்லாங்கில் வண்டியை ஏலம் விட்டுவிட்டு, குவாஹாத்தி வந்து ரயிலில் திரும்பினால் பெட்ரோல் செலவு பாதியாகும், அறக்கணக்கில் கூடுதலாக ஒரு தொகையும் சேரும்.

கணக்குப்பிள்ளை

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே எளிதன்று. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை மேகாலயாவில் ஒருவர் வாங்கித் தம் பெயருக்கு மாற்ற, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற்றிருக்க வேண்டும். அங்கே மறுபதிவும் சாலை வரியும் இருக்கின்றன. பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டியை இவ்வளவு அலைச்சலுக்கு யார் ஏலம் கேட்பார்கள்?

நான் எழுத வந்தது வேறு இரண்டு செய்திகளைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 189ஆம் பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துப்பூர்வமான இசைவில்லாமல் பொதுச்சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் குற்றம். உங்கள் பயணம் பந்தயமில்லைதான். ஆனால் யாரேனும் உற்சாகத்தில் "யார் முதலில் விசாகப்பட்டினம்" என்று படம் போட்டு எழுதிவிட்டால் அதுவே சான்றாக வந்து நிற்கும். காப்பீடும் அப்படியே. தனியார் கார்ப் பாலிசியில் எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பகுதி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவை அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. வண்டி முழுக்க ராலி என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போய் விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும்போது முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். பயணத்தின் தன்மையை விளக்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் திரட்டுவது பற்றி: கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாடுகளில் இருக்கும் உறவினர்களிடம் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தியக் குடியுரிமையை வைத்திருக்கும் ஒருவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் குடியுரிமையை மாற்றிக்கொண்டவரோ, அங்கே உடன் பணிபுரியும் வெளிநாட்டவரோ தந்தால், வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010இன்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்க முடியும். உள்ளூரில் தருபவர்கள் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகையைக் கேட்பார்கள். அதற்குரிய பதிவுள்ள அறக்கட்டளையின் கணக்கில்தான் பணம் நேராகப் போய்ச் சேர வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. உங்கள் மூவரில் ஒருவருடைய கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.

தங்கச்சிமடம் டீச்சர்

இந்த இழையில் யாருக்காக என்ற கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு லட்சம் என்ற தொகை முடிவாகிவிட்டது, அதைப் பெறுபவர்கள் யார் என்பது "பிடித்த அறப்பணி" என்ற இரு சொற்களில் முடிந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனோடு சென்னையில் ஒரு கார்ப் பேரணிக்குச் சென்றிருந்தேன். பார்வையற்றோர் வழிகாட்டும் பேரணி அது. பார்வையுள்ளவர் வண்டியை ஓட்டுவார், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் பார்வையற்றவர் பிரெயிலில் அச்சிட்ட வழித்தாளை விரலால் படித்து எங்கே திரும்ப வேண்டும், எந்தச் சராசரி வேகத்தில் செல்ல வேண்டும் என்று சொல்வார். வேகமாகப் போய்ச் சேர்ந்தாலும் மதிப்பெண் குறையும், தாமதமானாலும் குறையும். நான் பின்னிருக்கையில் இருந்தேன். வண்டியின் சொந்தக்காரர் பெரிய தொழிலதிபர், யாருடைய சொல்லையும் கேட்டுப் பழகாதவர் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது திருப்பத்தில் பையன் இடப்பக்கம் என்றான், அவர் தமக்குத் தெரிந்த சாலை என்று நேராக விட்டார். இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தோம். அதற்குப் பின் அந்த மனிதர் ஒவ்வொரு சந்திப்பிலும் "அடுத்து என்ன தம்பி?" என்று கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார். அன்று எவ்வளவு நன்கொடை சேர்ந்தது என்பது எனக்கு நினைவில்லை. என் மாணவனுக்கு அந்த "அடுத்து என்ன தம்பி" இன்றும் நினைவிருக்கிறது.

உச்சிப்புளித் தம்பி, உங்கள் வண்டி பாம்பனைக் கடந்துதான் அரிச்சல்முனைக்குப் போகும். சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பவர்கள். தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானதிலிருந்து அவர்களுடைய தொழிலுக்குக் கெடுபிடிகள் வேறு. அவர்களுக்குத்தான் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்குத் தருவதானாலும் என்ன வேண்டும் என்று அவர்களிடமே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன்.

உச்சிப்புளியான்

டீச்சர், உங்கள் பதிவைப் படித்த மறுநாளே சித்தப்பா மகனோடு சின்னப்பாலத்துக்குப் போனேன். மூழ்கும்போது போடும் கண்ணாடியும் கையுறையும் வாங்கித் தரலாம் என்ற எண்ணத்தோடுதான் போனோம். அங்கிருந்த மூத்த அம்மா ஒருவர் சிரித்தார். கையுறை போட்டால் பாசி பிடிபடாதாம், கண்ணாடி எல்லாரிடமும் இருக்கிறதாம். ஆறு மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டுக் கரையேறினால் உடம்பைக் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீரும், ஈரத் துணியை மாற்ற நாலு பக்கமும் மறைத்த ஓர் இடமும் இல்லை, அதைச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இருபது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்து வளர்ந்தவன் நான்.

வாடைக்காற்று ஐயா சொன்னபடி நுழைவுக் கட்டணத்தைப் பற்றி அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டேன். பாதை ஆய்வு, நிறைவு விழா, டிசட்டை ஆகியவற்றுக்கு என்று விடை வந்தது. எங்கள் மூவருக்கும் டிசட்டை வீட்டிலேயே இருக்கிறது. ஆகவே அவர்களோடு சேராமல், இதே பாதையில் இதே மாதம் நாங்களாகவே போகலாம், அந்த 40,000 ரூபாயையும் தண்ணீர்த் தொட்டிக்குச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

கீழக்கரைவாசி

முடிவு உங்களுடையது. இருந்தாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாமிரில் எங்கள் வண்டியின் ரேடியேட்டர் உடைந்தபோது, அதே பயணத்தில் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த, அதற்கு முன் கண்டிராத இரு இளைஞர்கள்தாம் ஒரு நாள் முழுவதும் எங்களை இழுத்துச் சென்றார்கள். நுழைவுக் கட்டணத்தில் வாங்குவது டிசட்டை மட்டுமன்று, சாலையில் முன்னும் பின்னுமாக நம்மைப் போலவே அவதிப்படும் முப்பது வண்டிகளையும்தான். தனியாகப் போகும் மூவருக்கு நன்கொடை கேட்பதும் கடினம். "கார்ப் பயணத்தில் கலந்துகொள்கிறேன்" என்றால் தருபவர்கள், "நான் ஷில்லாங்குக்குப் போகிறேன்" என்றால் போய்வா என்றுதான் சொல்வார்கள்.

வாடைக்காற்று

அப்படியானால் நம் கரையிலிருந்தே நாலு வண்டி சேர்த்துக்கொண்டு போகட்டும். தொண்டியிலும் சாயல்குடியிலும் பழைய வண்டியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இருப்பவர்கள் இல்லையா என்ன? சின்னப்பாலத்துத் தொட்டிக்கு முதல் 5,000 ரூபாய் என்னுடையது. தம்பி வண்டியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தருகிறேன்.

கணக்குப்பிள்ளை

கரையை ஒட்டிக் கட்டடம் எழுப்புவதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி இசைவு வேண்டும். ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடம் ஏதேனும் ஒன்றை ஒட்டி அறையும் தொட்டியும் அமைத்தால் சிக்கல் குறையும். ஊர்க் கமிட்டியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

உச்சிப்புளியான்

நாலு வண்டி யோசனை எங்கள் மூவருக்கும் பிடித்திருக்கிறது. தொண்டித்தோணி நண்பர் தனி மடலில் தம் வண்டியும் வரும் என்று எழுதியிருக்கிறார். எங்களுக்குத்தான் இன்னும் வண்டி இல்லை.

நேற்று பாம்பனில் ஒரு 800 பார்த்தோம். 2006 மாடல், ஒரே கை, கொட்டகைக்குள்ளேயே நின்ற வண்டி, விலை 45,000 என்றார் உரிமையாளர். பட்டறைக்காரர் அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்து, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலிருந்த மிதியடியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, பிடிவரை உள்ளே போய்விட்டது. குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாகக் கீழே மணலும், மணலில் ஒரு நண்டு வளையும் தெரிந்தன. உரிமையாளர் முகம் மாறாமல், மழைத் தண்ணீர் வடிவதற்காக கம்பெனியிலேயே வைத்த துளை அது என்றார்.

மதுரையில் ஒரு வண்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்கப் போகிறோம். பட்டறைக்காரர் அண்ணன் உடன் வர இயலுமா?

பட்டறைக்காரன்

மாலையில் வேண்டாம், மங்கிய வெளிச்சத்தில் துரு தெரியாது. காலை ஆறு மணி பேருந்தில் வருகிறேன். ஸ்க்ரூடிரைவரை நான் கொண்டுவருகிறேன், உங்களுடையது சிறியதாக இருக்கும்.